காரணம் ஆற்றைத் தாண்டாது

அந்த ஆற்றில் ஓர் இடத்துக்குப் பேர் வேண்டுமென்றால் யாராவது ஒருவர் அங்கே அசடு வழிய வேண்டும். வேறு வழியே கிடையாது. நல்லது செய்தவர் பேரையோ பெரிய மனிதர் பேரையோ வைக்க அந்த ஜனங்களுக்கு மனசு வராது. பாலம் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் வந்து, அதற்குக் கைம்மாறாக ஒரு வளைவுக்குத் தன் பேரை வைக்கச் சொன்னார். பாலம் வரவில்லை. அந்த வளைவுக்கு இன்றைக்கும் 'வராத வளைவு' என்றுதான் பேர்.

கொஞ்சம் கீழே போனால் 'டாக்டர் திட்டு'. அவசரமாக வந்த ஒரு டாக்டர் நடு ஆற்று மணல்திட்டைக் கரை என்று நினைத்து இறங்கிவிட்டு, படகு போன பிறகு பையும் கையுமாக ஒன்றரை மணி நேரம் நின்ற இடம். 'அலாரம் மடு'வில் ஒரு கடிகாரம் விழுந்தது; இரண்டு நாள் காலை ஐந்து மணிக்குத் தண்ணீருக்குள்ளிருந்து அடித்தது என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 'பஞ்சாயத்து மண'லுக்காக ஓர் அண்ணனும் தம்பியும் பதினோரு வருஷம் சண்டை போட்டார்கள். பன்னிரண்டாவது வருஷம் வெள்ளம் வந்து மணலையே அள்ளிக்கொண்டு போய்விட்டது. மணல் போனாலும் பேர் இருக்கிறது, அண்ணனும் தம்பியும் சாகிற வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பேர் ஆற்றைத் தாண்டலாம், காரணம் தாண்டக் கூடாது. இந்தக் கரையில் எவன் அசடு வழிந்தான் என்பது அந்தக் கரைக்குத் தெரிந்தால் சந்தையில் தலைகாட்ட முடியுமா? அதனால் அவரவர் கரைக் காரணம் அவரவர் வயிற்றோடு. கல்யாணமாகிக் கரை மாறி வந்தவர்களுக்கும் சொல்வதில்லை. பிறந்த கரைதான் கணக்கு. எல்லாம் எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், கதை கேட்க வந்தவர்கள் கதையைக் கேளுங்கள்.

படகுக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு அவர் கரையில் 'நேர்கோடு' என்று பேர். படகைக் கோடு போட்டாற்போல ஓட்டுகிறவர், அதனால்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று மனைவியிடம் அவர் சொல்லி வைத்திருந்தார். அந்தம்மா எதிர்க்கரையில் பிறந்தவள். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவள். "ஓஹோ, அப்படியா?" என்று கேட்டுக்கொண்டாள்.

உண்மை வேறு. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவையும் பார்த்துக் கல்யாணம் பேச, அவர் தன் படகைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாதி ஆறு போனார், திரும்பி வந்தார். சட்டையில் பொத்தான் இல்லை என்றார். மறுபடி போனார், திரும்பி வந்தார். மோட்டார் சத்தம் சரியில்லை என்றார். மூன்றாவது தரம் முக்கால் ஆறு போய், எதிர்க்கரையில் பெண்ணின் அப்பா கையை ஆட்டுவதைப் பார்த்த பிறகும் திரும்பி வந்தார். அப்போது சாக்குச் சொல்லக்கூட அவரிடம் ஒன்றும் இல்லை. நாலாவது தரம்தான் போய்ச் சேர்ந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் அவர் கிளம்பிய இடத்துக்கு 'மூணுதரத் துறை' என்று பேர் வந்துவிட்டது, அவருக்கும் நேர்கோடு என்று பேர் வந்துவிட்டது. எவ்வளவு வேகம் பாருங்கள்.

அன்றைக்கு மாமனார் வீட்டில், "மோட்டார் மக்கர் பண்ணிடுச்சு, இல்லன்னா அப்பவே நேரா வந்திருப்பேன்," என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இருபத்தெட்டு வருஷம் வீட்டில் ராஜாங்கம் நடத்தினார். சண்டை வந்தால், "நானா தேடி, நேரா வந்தேன். அந்த மரியாதை இருக்கணும்," என்பார். அந்தம்மாவிடமும் ஓர் ஆயுதம் இருந்தது. "நான் ஒண்ணும் உங்களைப் பார்த்து மயங்கலை. அப்பா சொன்னாரு, கழுத்தை நீட்டினேன்," என்பாள். அதோடு பேச்சு நின்றுவிடும். இவருக்கு மனசில் சுருக்கென்று குத்தும்; ஆனாலும் தான் நேராக வந்தவன் என்ற கெத்தில் அதைத் தாங்கிக்கொள்வார்.

மூணுதரத் துறைக்கு என்ன காரணம் என்று எப்போதாவது அவள் கேட்பாள். ஒரு வருஷம், அங்கே முன்பு மூன்று தரம் மணி அடிப்பார்கள் என்றார். இன்னொரு வருஷம், மூன்று தரம் வெள்ளம் வந்தது என்றார். பொய் சொன்னால் ஒரே பொய்யாகச் சொல்ல வேண்டாமா? அவளோ ஒவ்வொரு தரமும், "ஓஹோ," என்றாள்.

இப்படி இருக்கையில்தான் ஆற்றுக்கு வரைபடம் போடுகிற அலுவலகத்திலிருந்து ஒரு சர்வேயர் அம்மா வந்தாள். தோளில் ஒரு முக்காலி, கையில் ஒரு கட்டு படிவம். பத்து நாளைக்கு நேர்கோட்டார் படகைத்தான் வாடகைக்குப் பேசிக்கொண்டாள். இடத்தை அளப்பதோடு போயிருந்தால் யாருக்கும் பாதகமில்லை. படிவத்தில் பேருக்குக் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது, அதற்குக் கீழே மூன்று பேர் கையெழுத்துக்கு இடம் இருந்தது.

அந்த அம்மா எந்தக் கரையும் இல்லை, நடு ஆறு மாதிரி, அதனால் சொல்லலாம் என்று இரண்டு கரையும் முடிவு செய்தன. எதிர்க்கரையில் அவள் காரணம் கேட்கும்போது மட்டும் நேர்கோட்டார் படகை விட்டு இறங்கக் கூடாது. மோட்டாரையும் அணைக்கக் கூடாது, காதில் விழுந்துவிடும். வீணாக டீசல் எரிந்தது. அவர் தூரத்திலிருந்து பார்ப்பார். அங்கே நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், அந்த அம்மா எழுதுவாள். என்னவென்று தெரியாமல் அவருக்குத் தலை வெடிக்கும்.

ஆறாவது நாள் சர்வேயர் அம்மா சாவகாசமாகக் குண்டைப் போட்டாள்.

"அண்ணே, எல்லாம் முடிஞ்சதும் ரெண்டு படகுத்துறையிலயும் பெரிய பலகை வைக்கப் போறோம். பேரு, காரணம், எல்லாம் இருக்கும். வர்றவங்க படிப்பாங்க இல்ல?"

"ரெண்டு கரைக் காரணமும் ரெண்டு கரையிலயுமா?"

"ஆமா. ரெண்டு ஊர்லயும் கேட்டாச்சு. சரின்னுட்டாங்க."

சரி என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்? எதிர்க்கரை ரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை எல்லாருக்கும் அடித்தொண்டை வரை இருந்தது. அதற்காகத் தங்கள் மானத்தை விற்கத் தயாராகிவிட்டார்கள். அவர்கள் மானம் என்றா சொன்னேன்? பேருக்குச் சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. செத்தவர்களுக்கு ஏது வெட்கம்? உயிரோடு இருந்து மாட்டிக்கொண்டவர் நம் நேர்கோட்டார்.

வீட்டுக்குப் போனதும் பலகை விஷயத்தை ஏதோ ஊர்ச் செய்தி போல மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். படகுத்துறைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நாற்பது அடிதான். பலகை வந்தால் அவள் மெஷினில் உட்கார்ந்தபடியே படிக்கலாம்.

"நல்லதுதானே," என்றாள் அவள். மெஷின் சத்தம் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி ஓடியது. அன்றைக்கு ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையை வைத்துத் தைத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அப்படித் தைத்ததே இல்லை. நேர்கோட்டார் அதைப் பார்க்கவும் செய்தார், பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தன் பயத்தில் இருப்பவனுக்கு அடுத்தவர் பயம் எங்கே தெரியப் போகிறது?

பயம் என்று சும்மா சொல்லவில்லை. ஊர் சிரிக்கும் என்பது அவருக்குப் பெரிதில்லை. இருபத்தெட்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. மூன்றாவது தரம் திரும்பியபோது மனசில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். இந்தக் கல்யாணமே வேண்டாம் என்றுதான் திரும்பினார். முன்பின் தெரியாத ஒருத்தியோடு காலம் முழுக்க எப்படி ஓட்டுவது என்று மலைத்துப்போனார். அதை அவள் பலகையில் படித்தால், என்னை வேண்டாம் என்று நினைத்த மனுஷனோடா இத்தனை நாள் குடித்தனம் பண்ணினேன் என்று நினைப்பாளே, அந்த நினைப்பைப் பிறகு எந்தச் சமாதானத்தால் துடைப்பது?

மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சலூனுக்குப் போனார். மூணுதரத் துறைக்குக் கையெழுத்துப் போட்ட மூவரில் சலூன்காரர் முதல் ஆள். அன்றைக்குக் கரையில் நின்று எண்ணியவரும் அவரே. நேர்கோட்டாருக்குப் பால்ய சிநேகிதர், அதனால் இரக்கம் எதிர்பார்க்க முடியாது.

"டேய், அந்தக் காரணத்தை மாத்திச் சொல்லிடேன். மூணு தரம் மணி அடிப்பாங்கன்னு சொல்லு."

"எந்த மணி?"

"ஏதோ ஒரு மணி."

சலூன்காரர் அவர் முகத்தில் நுரையைத் தடவினார். "கையெழுத்துப் போட்டாச்சு. அதுவும் ரெண்டாவது தரம் எத்தனை மணிக்குத் திரும்பினே, மூணாவது தரம் எத்தனை மணிக்குன்னு விவரமாச் சொல்லியிருக்கேன். அந்த அம்மா ரொம்ப மெச்சிக்கிட்டாங்க."

"என் குடும்பத்துல மண்ணைப் போடறே."

"கத்தி கழுத்துல இருக்கும்போது இப்படியெல்லாம் பேசாதே. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் மாத்தினாலும் மத்த ரெண்டு பேர் மாத்துவாங்களா?"

மற்ற இரண்டு பேரிடமும் போனார். ஒருவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்லி ரசித்துக் கேட்டார். இன்னொருவர் பொத்தான் விஷயத்தை மறந்துவிட்டேனே என்று சர்வேயரைத் தேடிப் போய்ச் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பொய்யில்லை. சாயங்காலத்துக்குள், அதுவரை காரணம் தெரியாமல் இருந்த சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பார்த்து மூன்று விரலைக் காட்ட ஆரம்பித்தார்கள்.

ஒன்பதாவது நாள், எதிர்க்கரையிலிருந்து திரும்பி வரும்போது, நடு ஆற்றில் மோட்டாரை அணைத்தார். படகு தானாக நகர்ந்தது.

"என்ன அண்ணே, மக்கர் பண்ணுதா?" என்றாள் சர்வேயர்.

அந்தக் கேள்வியே அவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "இல்லம்மா. மோட்டார் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். பிறகு விஷயத்தைச் சொன்னார். மூணுதரத் துறைக் காரணம் பலகையில் வரக் கூடாது, வீட்டில் தெரிந்தால் வினையாகிவிடும் என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அதுவே பெரிய உபகாரம். படிவக் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "சம்பந்தப்பட்டவங்க உயிரோட இருந்தா இதை நிரப்பிக் கொடுக்கலாம். 'இந்தக் காரணம் உண்மையல்ல'ன்னு உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். காரணத்தை எடுத்துடுவோம், பேரு மட்டும் இருக்கும். நாளைக்குப் பத்து மணிக்குள்ள வேணும். இந்த ஆத்துல அப்படி உயிரோட இருக்கறவங்க ரெண்டே பேர்தான். இன்னொருத்தர் நேத்தே தாளை வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"யாரும்மா அது?"

"உங்க வீட்டம்மாதான்."

நேர்கோட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பேரில் இந்தக் கரையில் ஓர் இடமும் இல்லையே.

"எதிர்க்கரையில இருக்கு. போர்வைப் பாறை," என்றாள் சர்வேயர். "அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. உங்க ரெண்டு ஊருக்கும் வாக்குக் கொடுத்திருக்கேன். பலகை வர்ற வரைக்கும் காரணம் ஆத்தைத் தாண்டாது."

போர்வைப் பாறை அவர் தினமும் நாலு தரம் கடக்கிற இடம். மாமனார் வீட்டுக்குக் கீழே ஆற்றோரத்தில் தட்டையாகக் கிடக்கும். பார்க்கப் போர்வை விரித்த மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பேர் என்று மனைவி எப்போதோ சொல்லியிருந்தாள். அப்போதே அவருக்கு அது போர்வை மாதிரித் தெரியவில்லை. பெண்டாட்டி சொன்னால் சரி என்று விட்டுவிட்டார். அந்த இடத்தில் இவள் என்ன அசடு வழிந்தாள்? எவனுக்காக வழிந்தாள்? தன் குட்டை மறைக்கப் போன மனுஷனுக்கு இப்போது அவள் குட்டைத் தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது போலாகிவிட்டது.

வீட்டில் அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர் செருப்பைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார்.

"ஏங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"போர்வைப் பாறையில என்ன நடந்துச்சு?"

ஊசி நின்றது. "அது எங்க கரை விஷயம். கேக்கக் கூடாது."

"தாள் வாங்கியிருக்கியாமே."

"சொல்லிட்டாளா அவ?" என்றாள். பிறகு அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். நாலாக மடித்த தாளின் நுனி வெளியே தெரிந்தது. "நீங்களும் வாங்கியிருக்கீங்க போலிருக்கே. மூணு தரம் மணி அடிச்சதுக்கா, வெள்ளம் வந்ததுக்கா?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல அவர் நின்றார். தாளை எடுத்து மெஷின் பலகையில் வைத்தார். 'இந்தக் காரணம் உண்மையல்ல' என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. பேனாவைக்கூடச் சர்வேயரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுத முடியவில்லை. வாயால் எத்தனையோ வருஷம் சொன்ன பொய்தான், எழுத்தில் வைக்கக் கை வரவில்லை.

"மோட்டார் மக்கர் பண்ணலை," என்றார். ஆரம்பித்த பிறகு நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டார். பொத்தான், மோட்டார் சத்தம், சாக்கே இல்லாத மூன்றாவது தரம். "அப்ப எனக்குப் பயம். இந்தக் கல்யாணம் வேண்டாம்னுதான் திரும்பினேன். உன்னை வேண்டாம்னு இல்லை. நீ யாருன்னே எனக்குத் தெரியாதே. திரும்பி வந்து படகைக் கட்டினேன். சலூன்காரன் பார்த்துட்டு, 'சரி விடுடா, வீட்டுக்குப் போ'ன்னான். அவன் போன்னு சொன்னதும் எனக்குப் போகப் பிடிக்கலை. ஏன்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் தெரியலை."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார். அவள் கத்தரிக்கோலால் நூலை வெட்டினாள்.

"தெரியும்," என்றாள்.

"யாரு சொன்னா? சலூன்காரனா?"

"யாரும் சொல்லலை. நானே பார்த்தேன்."

"எங்கேருந்து?"

"பாறையில இருந்துதான்." சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். "நீங்க வர்றீங்கன்னு அப்பா காலையிலயே சொல்லிட்டாரு. வாசல்ல நின்னு பார்த்தா நல்லாவா இருக்கும்? ஒரு போர்வையை நனைச்சு எடுத்துட்டுப் போய்ப் பாறையில காயப்போட்டேன். நீங்க பாதி ஆறு வந்து திரும்பிட்டீங்க. எடுத்துட்டு உள்ள வந்துட்டேன். மறுபடி மோட்டார் சத்தம் கேட்டுச்சு. காய்ஞ்ச போர்வையோட போனா ஊர் கேக்காதா? மறுபடி நனைச்சேன். மறுபடி போனேன். மூணாவது தரம் அக்கம்பக்கத்துல எல்லாரும் வேலையை விட்டுட்டு என்னைத்தான் பார்த்துட்டு இருந்தாங்க. உங்களை ஒருத்தரும் பார்க்கலை."

அவர் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மூணாவது தரம் நீங்க திரும்பினப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. யாரோ என்னன்னு தெரியாத ஆளு, முகம்கூடச் சரியாத் தெரியலை. அதுக்கு எதுக்கு அழணும் சொல்லுங்க. போர்வையிலேயே முகத்தைத் துடைச்சுட்டு, நாலாவது தரம் நனைச்சேன்."

"மோட்டார் சத்தம் கேட்டுதா?"

"கேக்கலை. கேக்கறதுக்கு முன்னாடியே நனைச்சு வச்சுட்டேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்காகப் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு திடீரென்று ஒரு விஷயம் உறைத்தது.

"அப்ப, நான் மோட்டார் மக்கர்னு சொன்னப்ப எல்லாம் உனக்குத் தெரியுமே. இத்தனை வருஷத்துல ஒரு தரம்கூடக் கேக்கலையே நீ?"

"எப்படிக் கேப்பேன்? உனக்கு எப்படித் தெரியும்னு நீங்க திருப்பிக் கேட்டா, பார்த்துட்டு நின்னேன்னு சொல்லணும். அப்புறம் அப்பா சொன்னாரு, கழுத்தை நீட்டினேன்னு எந்த வாயால சொல்றது?"

அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. இருபத்தெட்டு வருஷமாக மனசில் குத்திக்கொண்டிருந்தது போய்விட்டது. அவருக்கு அப்படியொரு சந்தோஷம். வெளியே போய் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த நாலு பேருக்கும் ஏற்கெனவே பாதி தெரியும்.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள தாளைக் கொடுக்கணும்," என்றார். "என்ன பண்ணலாம்? ரெண்டையும் எழுதிக் கொடுத்துடலாமா?"

அவள் மெஷின் இழுப்பறையைத் திறந்து தன் தாளை எடுத்தாள். அவர் தாளையும் எடுத்தாள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, துணியைப் போல ஓரம் சேர்த்தாள்.

"உங்களோடது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்ப அதை உண்மையல்லன்னு எழுதறது தப்பு." அவர் தாளை இரண்டாகக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு பேனாவை வாங்கி, தன் தாளில் 'இந்தக் காரணம் உண்மையல்ல' என்று நிதானமாக எழுத உட்கார்ந்தாள்.